நூற்றுப் பதினெட்டு பை எழுபத்தாறு

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று வருகைப் பதிவேட்டில் இருக்கிறது. அந்தப் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்ப்பாரா என்பது சந்தேகம்தான். மருத்துவக் கல்லூரியின் உடலியல் துறையில் அவர் உதவியாளர். பேராசிரியர் முதல் வாசல் காவலர் வரை எல்லாருக்கும் அவர் ‘நார்மல்’. மாணவர்களுக்கு ‘நார்மல் அண்ணன்’.

பெயர் வந்த கதை சின்னதுதான். பதினெட்டு வருஷத்துக்கு முன்னால், முதலாமாண்டு மாணவர்களுக்கு ரத்த அழுத்தம் பார்க்கக் கற்றுக்கொடுக்க ஓர் ஆரோக்கியமான ஆள் தேவைப்பட்டது. வருவதாகச் சொன்ன ஆள் வரவில்லை. அப்போது இளம் விரிவுரையாளராக இருந்த மேடம், பெஞ்சு துடைத்துக்கொண்டிருந்த இவரைப் பிடித்து ஸ்டூலில் உட்காரவைத்து, கையில் அழுத்தமானியின் பட்டையைக் கட்டினார். நூற்றுப் பதினெட்டு பை எழுபத்தாறு. நாடித்துடிப்பு எழுபத்திரண்டு. “பாடப்புத்தகத்துலேருந்து எழுந்து வந்த மாதிரி இருக்கீங்களே” என்று மேடம் சிரித்தார். அன்றைக்கு உட்கார்ந்தவர்தான், இன்னும் எழுந்திருக்கவில்லை.

அதிலிருந்து ஒவ்வொரு வருஷமும் செய்முறைத் தேர்வில் இவர் கையில்தான் பட்டை ஏறும். விடை நீலக் கோப்பில் தட்டச்சு செய்யப்பட்டு நிரந்தரமாக இருக்கிறது: 118/76. மூத்த மாணவர்கள் விடுதி அறையைக் காலி செய்யும்போது வாளியையும் மேசை விளக்கையும் இளையவர்களிடம் விட்டுப்போவதுபோல் இந்த எண்ணையும் விட்டுப்போவார்கள். காதில் ஒன்றுமே விழாவிட்டாலும் பரவாயில்லை, எண்ணை எழுது, மார்க் வந்துவிடும். மேடத்துக்கு இது தெரியாது. நார்மலுக்குத் தெரியும். தன் உடம்பின் எண்ணை ஒரு பட்டாளமே மனப்பாடம் செய்து வைத்திருப்பதில் அவருக்கு உள்ளூர ஒரு பெருமைகூட உண்டு.

பெருமை அதோடு நிற்கவில்லை. மாதம் ஒருமுறை துறையில் இருக்கும் அழுத்தமானிகள் ஒழுங்காக வேலை செய்கின்றனவா என்று பார்ப்பது இவர் பொறுப்பு. அதற்கு இவர் கண்டுபிடித்த வழி, கருவியைத் தன் கையிலேயே கட்டிப் பார்ப்பது. நூற்றுப் பதினெட்டுக்குப் பக்கத்தில் காட்டினால் கருவி நல்லது. இல்லையென்றால் கருவி பழுது. பதினெட்டு வருஷம் இந்த முறை பிசகியதே இல்லை.

நாலு மாதத்துக்கு முன்னால் ஒரு கருவி நூற்று அறுபத்திரண்டு காட்டியது. “நல்லா இருந்த மிஷின், பாவம்” என்று சொல்லி, ‘பழுது’ என்று சீட்டு எழுதி ஒட்டி, பழுது பார்க்கும் பிரிவுக்கு அனுப்பிவைத்தார். மறுநாள் இரண்டாவது கருவி நூற்று அறுபத்தாறு காட்டியது. அதற்கும் ஒரு சீட்டு. மூன்றாவது புத்தம் புதிது, அட்டைப் பெட்டியிலிருந்து அன்றைக்குத்தான் எடுத்தது. அது நூற்று அறுபத்தெட்டு என்றது. சீட்டில் ‘ப’ என்று எழுதியவர் பேனாவை அப்படியே வைத்துவிட்டார். பழுது எதில் என்று அப்போது அவருக்குப் புரிந்துவிட்டது.

யாரிடமும் சொல்லவில்லை. அவர் அப்பா ஐம்பத்தொன்றாம் வயதில் வாசலில் சைக்கிளைப் பூட்டக் குனிந்தவர், அப்படியே சரிந்தார். பக்கவாதத்தில் வலது கையும் நாக்கும் போய், ஆறு வருஷம் கட்டிலோடு கிடந்து, தண்ணீர் வேண்டுமென்றால்கூடக் கட்டில் சட்டத்தைத் தட்டித்தான் கேட்டார். அந்தத் தட்டல் இன்னும் இவர் காதில் இருக்கிறது. இவருக்கு இப்போது நாற்பத்தொன்பது. சொல்ல வேண்டியதுதான். ஆனால் சொன்னால் என்ன ஆகும்? நார்மல் இல்லாத நார்மலை வைத்துக்கொண்டு துறை என்ன செய்யும்? வேறொருவனை ஸ்டூலில் உட்காரவைக்கும், இவரைக் கண்ணாடிக் குழாய் கழுவ அனுப்பும். அது மட்டுமா, சொல்லாத வரைக்கும் அது வெறும் ஓர் எண், சொல்லிவிட்டால் நோய். மூன்று மாடி நிறைய மருத்துவர்கள் நடக்கும் கட்டடத்தில் இந்த மனிதர் இப்படிக் கணக்குப் போட்டுக்கொண்டு திரிந்தார் என்றால் சிரிப்பதா, திட்டுவதா?

ஒன்று மட்டும் செய்தார். சட்டைப் பையில் ஒரு துண்டுக் காகிதம் வைத்துக்கொண்டு, தினமும் காலையில் துறை திறந்ததும் தானே பட்டையைக் கட்டி, தேதி போட்டு எண்ணை எழுதிவந்தார்.

தேர்வு நாளன்று காலையில் வீட்டிலேயே அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. சட்டையைப் போட்டார், கழற்றினார், வேறு சட்டை போட்டார். சைக்கிள் சாவியைத் தேடி வீட்டை இரண்டு சுற்று வந்தார்; சாவி கையிலேயே இருந்தது.

“ஏங்க, ஒரு இடத்துல நிக்க மாட்டீங்களா? பாக்கிற எனக்கே தலை சுத்துது” என்றாள் மனைவி. சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டே அவர் முகத்தைக் கூர்ந்து பார்த்தாள். “கண்ணெல்லாம் செவந்து கிடக்கு. பின்கழுத்தைப் பிடிச்சுக்கிட்டே நடக்கிறீங்க. ஒரு டாக்டர்கிட்ட காட்டினா என்ன குறைஞ்சா போயிடுவீங்க?”

“முந்நூறு டாக்டர் நடுவுலதானே நாள் பூரா இருக்கேன். எனக்கு என்ன வந்துடப் போகுது?”

“முந்நூறு பேர்ல ஒருத்தர்கூட உங்க மூஞ்சியைப் பாக்கலையா?”

டப்பாவை வாங்கிக்கொண்டு வெளியே வந்தார். வழியெல்லாம் அந்தக் கேள்வி அவர் கூடவே வந்தது.

கல்லூரி நடைவழியில் இரண்டு பக்கமும் சுவரொட்டிகள். ‘உங்கள் ரத்த அழுத்தம் உங்களுக்குத் தெரியுமா?’ என்று பெரிய எழுத்தில் கேட்டு, கீழே ஒரு சிரிக்கும் இதயம் வரைந்திருந்தது. மாணவர்களின் மன உளைச்சலைப் பற்றி மேடம் மூன்று வருஷமாக ஆராய்ச்சி செய்கிறார். அதையொட்டி நல்வாழ்வு வாரம் நடத்துகிறார். இருநூறு சுவரொட்டியையும் பசை தடவி ஒட்டியவர் நார்மல்தான். இன்றைக்கு அந்த இதயங்களைப் பார்க்கப் பிடிக்காமல் தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தார்.

துறையைத் திறந்ததும் பட்டையைக் கட்டினார். நூற்று எழுபத்திரண்டு பை நூற்றாறு. காகிதத்தில் எழுதினார்.

ஒன்பது மணிக்குத் தேர்வு தொடங்கியது. ஆய்வுக்கூடத்தின் மூலையில் ஒரு துணித் திரை. திரைக்கு இந்தப் பக்கம் ஸ்டூலில் நார்மல், முன்னால் ஒரு மேசை, கருவி, விடைச்சீட்டுகள். திரைக்கு அந்தப் பக்கம் நீலக் கோப்போடு மேடம். மணி அடிக்கும், மாணவர் வருவார், அழுத்தத்தைப் பார்த்துச் சீட்டில் எழுதுவார், அதை மேடத்திடம் கொடுத்துவிட்டு அடுத்த மேசைக்குப் போவார். ஆளுக்கு ஆறு நிமிஷம். மொத்தம் இருபத்திநான்கு பேர், கூப்பிடுவது ரோல் நம்பரில்.

ஒன்றாம் நம்பர் உள்ளே வந்ததும் நார்மல் அவசரமாகச் சட்டைக் கையை மேலே சுருட்டினார். மாட்டிக்கொண்டோம், இன்றோடு முடிந்தது என்று நினைத்தார். அந்தப் பையன் பட்டையைச் சுற்றினான், ரப்பர் பந்தை அமுக்கி நூற்று நாற்பது வரைக்கும் ஏற்றினான், ஸ்டெதஸ்கோப்பை முழங்கை மடிப்பில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி காற்றை இறக்கினான். சீட்டில் எழுதினான்: 118/76. “தேங்க்ஸ் அண்ணே.” போய்விட்டான்.

அப்பாடா என்று இருந்தது அவருக்கு. இரண்டாம் நம்பர் வந்தான். 118/76. மூன்று, நான்கு, ஐந்து. எல்லாரும் அதே. ஆறாம் நம்பர் கொஞ்சம் கெட்டிக்காரன். அப்படியே எழுதினால் சந்தேகம் வருமோ என்று 120/78 போட்டான்.

ஏழாவது ஆள் போனதும் நார்மலுக்கு ஒரு நப்பாசை வந்தது. இத்தனை பேர் பார்க்கிறார்கள், இத்தனை பேரும் ஒன்றையே எழுதுகிறார்கள், ஒருவேளை இறங்கிவிட்டதோ? மணி அடிப்பதற்குள் அவசர அவசரமாக ஒற்றைக் கையால் பட்டையைக் கட்டி, காதில் ஸ்டெதஸ்கோப்பை மாட்டிப் பார்த்தார். நூற்று எழுபது. எட்டாம் நம்பர் வந்து அமுக்கி, தலையாட்டி, 118/76 என்று எழுதிவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகு பயம் வேறு பக்கம் திரும்பியது. காலையில் யாராவது கண்டுபிடித்துவிடப் போகிறார்களே என்று பயந்தவர், இப்போது ஒருத்தர்கூடக் கண்டுபிடிக்க மாட்டார்களோ என்று பயந்தார். ஒன்பதாம் ஆள் பட்டையைச் சுற்றும்போது அவன் முகத்தையே பார்த்தார். கேளுடா, கேளு, நூற்று நாற்பதிலேயே சத்தம் கேட்கிறதே, நூற்றுப் பதினெட்டுக்காரனுக்கு அது எப்படி என்று யோசி. அவன் யோசிக்கவில்லை. பத்தாவது ஆள் ஸ்டெதஸ்கோப்பின் காதுமுனையைத் திருப்பி மாட்டியிருந்தான். பன்னிரண்டாவது பெண் பட்டையைச் சட்டைக் கைமேலேயே சுற்றினாள். பின்கழுத்து விண்விண் என்று தெறித்தது. வலது கை வலித்ததால் இடது கையைக் கொடுத்தார். ஸ்டூலில் இப்படி நகர்ந்தார், அப்படி நகர்ந்தார். “ஆடாதீங்க அண்ணே” என்று பதினைந்தாம் நம்பர் அவரையே அதட்டினான். அதட்டிவிட்டு 118/76 எழுதினான். நார்மலுக்கு அவன் காதைப் பிடித்துத் திருக வேண்டும்போல் இருந்தது. நாளைக்கு இவன் யாருக்கோ வைத்தியம் பார்க்கப் போகிறவன்! அந்த யாரோ ஸ்டூலில் உட்கார்ந்து இப்படித்தான் இவன் முகத்தைப் பார்ப்பான்.

பத்தொன்பதாம் நம்பர் ஒல்லியான பெண். வெள்ளைக் கோட்டு அவளுக்கு இரண்டு சுற்றுப் பெரிது. அவளை நார்மலுக்கு நன்றாகத் தெரியும். சென்ற முறை இதே தேர்வில் வாய்மொழிக் கேள்விகளில் நாக்கு ஒட்டிக்கொண்டு தோற்றவள். இந்த முறையும் போனால் ஒரு வருஷம் முழுசாகப் பின்தங்குவாள். வந்ததும் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். இதற்கு முன் வந்த பதினெட்டுப் பேரும் நின்றுகொண்டே வேலையை முடித்தவர்கள்.

“கையை மேசைமேல வைங்கண்ணே. கொஞ்சம் தளர்வா விடுங்க” என்றாள். மணிக்கட்டில் நாடியைத் தொட்டுக்கொண்டே காற்றை ஏற்றினாள். நூற்று நாற்பதில் நாடி நிற்கவில்லை. நூற்று அறுபதிலும் நிற்கவில்லை. அவள் புருவம் சுருங்கியது. நூற்றுத் தொண்ணூறு வரைக்கும் ஏற்றி, மெதுவாக இறக்கினாள். இறக்கிவிட்டுப் பட்டையைத் தளர்த்திச் சரிசெய்தாள். மறுபடியும் ஏற்றினாள்.

அவள் ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றிவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

“அண்ணே, உங்களுக்குத் தலைவலி இருக்கா?”

பதினெட்டு வருஷத்தில் அந்த ஸ்டூலில் அவரை யாரும் எதுவும் கேட்டதில்லை. கையைக் கொடுங்க, திரும்புங்க, மூச்சை இழுங்க, அவ்வளவுதான். காலையிலிருந்து எதற்காகத் தவித்தாரோ அது எதிரே வந்து உட்கார்ந்திருக்கிறது. ஆனால் வாயிலிருந்து வந்தது வேறு.

“இல்லம்மா.” குரலைத் தாழ்த்தினார். “நேரம் போகுது. எல்லாரும் என்ன எழுதுறாங்கன்னு உனக்குத் தெரியுமில்ல? அதையே எழுதிட்டுப் போ. உன் நல்லதுக்குச் சொல்றேன்.”

“தெரியும்ணே. ஆனா எனக்குக் கேட்டது அது இல்லையே.”

172/106 என்று எழுதினாள். சீட்டை எடுத்துக்கொண்டு திரைக்கு அந்தப் பக்கம் போனாள்.

“என்னது இது?” மேடத்தின் குரல். “நூத்தி எழுபத்திரண்டா? ஐம்பது கூடப் போட்டிருக்கே. காது கேக்குதா உனக்கு?”

“ரெண்டு தடவை பாத்தேன் மேடம்.”

“ரெண்டு தடவையும் தப்பாப் பாத்திருக்கே. உனக்கு முன்னாடி பதினெட்டுப் பேர் பாத்துட்டுப் போயிருக்காங்க. அத்தனை பேரும் தப்பு, நீ ஒருத்திதான் சரியா? போன தடவையும் இப்படித்தான் சொதப்பினே. இதுக்கு நான் மார்க் போட முடியாது.”

மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது.

நார்மல் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே இருந்தார். ஒரு வார்த்தை பேசாமல் இருந்தால் போதும். நாளையும் அவர் நார்மல்தான். அந்தப் பெண் அழுதுவிட்டு விடுதிக்குப் போவாள். இருபதாம் நம்பர் வருவான், 118/76 எழுதுவான். வீட்டில் மனைவி கழுத்துக்கு எண்ணெய் தேய்த்துவிடுவாள். என்றைக்கோ ஒருநாள் சைக்கிளைப் பூட்டக் குனிவார். அப்பாவின் விரல் கட்டில் சட்டத்தைத் தட்டிய சத்தம் காதுக்குள் கேட்டது. எழுந்துவிட்டார்.

திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தவரைப் பார்த்து மேடம் திகைத்தார். கையில் பட்டை இன்னும் சுற்றியே இருந்தது, குழாய் தொங்கிக்கொண்டு கூடவே வந்தது.

“அந்தப் பொண்ணு சரியாத்தான் எழுதியிருக்கு மேடம்.”

“நீங்க போய் உக்காருங்க நார்மல். பரிதாபப்பட்டு மார்க் வாங்கிக் குடுக்கிற இடம் இல்ல இது.”

அவர் சட்டைப் பையிலிருந்து காகிதத்தை எடுத்து நீலக் கோப்பின்மேல் வைத்தார். மடித்து மடித்து ஓரம் கிழிந்த காகிதம். இரண்டு பக்கமும் நெருக்கமாகத் தேதியும் எண்ணும். நூற்று அறுபத்தெட்டு, நூற்று எழுபது, நூற்று அறுபத்தாறு, நூற்று எழுபத்தைந்து. நாலு மாதத்தில் ஞாயிற்றுக்கிழமை தவிர ஒருநாள் விடுபடவில்லை. அந்தத் துறையில் இவ்வளவு ஒழுங்காக யாரும் ஆராய்ச்சிக் குறிப்பு எழுதியதில்லை.

மேடம் மேலிருந்து கீழே படித்தார். திருப்பிப் படித்தார். பிறகு எழுந்து, “உக்காருங்க” என்று தன் நாற்காலியை அவரிடம் தள்ளினார். மேடத்தின் கழுத்தில் ஸ்டெதஸ்கோப் எப்போதும் கிடக்கும். அது காதுக்குப் போய்ப் பல வருஷம் ஆகியிருக்கும். இப்போது போனது. அறையில் மற்ற மேசைகளில் இருந்த மாணவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். காற்று இறங்கும் மெல்லிய சீறல் தவிர வேறு சத்தம் இல்லை.

மேடம் ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றினார். முகத்தில் ரத்தம் இல்லை.

“நாலு மாசமா?”

“ஆமாம் மேடம்.”

“ஏன் என்கிட்ட சொல்லல? பக்கத்து அறையிலதானே இருக்கேன்!”

“பயமா இருந்துச்சு. அப்புறம்...” அவர் தலையைக் குனிந்துகொண்டார். “இன்னிக்கு யாராவது கண்டுபிடிச்சுச் சொல்லிடுவாங்கன்னு காத்துக்கிட்டு இருந்தேன் மேடம். பதினெட்டுப் பேர் வந்தாங்க.”

மேடம் அந்தப் பதினெட்டுச் சீட்டுகளையும் மேசையில் பரப்பினார். பதினேழில் 118/76. ஒன்றில் 120/78. பார்க்கப் பார்க்க அவர் காது சிவந்தது. கோபம் யார்மேல் என்று அவருக்கே தெளிவாக இல்லை. பத்தொன்பதாம் நம்பரின் சீட்டை எடுத்து முழு மார்க் போட்டார். மீதியை ஒன்றாகச் சேர்த்துக் குறுக்காக ஒரு கோடு இழுத்தார்.

“யாரும் வெளிய போகாதீங்க. ஒண்ணாம் நம்பர்லேருந்து எல்லாரும் மறுபடியும் பாக்கணும்” என்றார். திரைக்குப் பின்னால் போய் அந்த ஸ்டூலில் தானே உட்கார்ந்து, கோட்டுக் கையை மேலே சுருட்டிவிட்டுக்கொண்டார். “இந்தக் கைக்கு விடை எந்தக் கோப்புலயும் இல்ல. எனக்கே தெரியாது.”

பிறகு ஒரு தாளில் நாலு வரி எழுதி மடித்துப் பத்தொன்பதாம் நம்பரிடம் கொடுத்தார். “இவரை ஓ.பி.க்குக் கூட்டிட்டுப் போ. இப்பவே. நடுவுல எங்கயும் நிக்கவிடாதே.”

புறநோயாளிகள் பிரிவு அடுத்த கட்டடத்தில். இருநூறு அடிகூட இல்லை. பதினெட்டு வருஷமாக அந்தப் பக்கம் போனபோதெல்லாம் அவர் கையில் ஏதாவது கோப்போ பெட்டியோ இருந்தது. இன்றைக்கு வெறுங்கையோடு போனார். அது ஒருமாதிரி கூச்சமாக இருந்தது. பெண் அவர் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல், “மெதுவா நடங்கண்ணே” என்று இரண்டு முறை சொன்னாள்.

உள்ளே இருந்த பயிற்சி மருத்துவர், ஐந்து வருஷத்துக்கு முன்னால் இவர் கையில் அழுத்தம் பார்த்துப் பழகியவன். பார்த்ததும் வாயெல்லாம் பல்.

“அட, நார்மல் அண்ணே! நீங்க எங்க இந்தப் பக்கம்? உக்காருங்க, உக்காருங்க. வீட்டுல அண்ணி சௌக்கியமா? துறை எப்படி இருக்கு, மேடம் இன்னும் திட்டிக்கிட்டேதான் இருக்காங்களா?”

பேசிக்கொண்டே புதுச்சீட்டு ஒன்றை எடுத்தான். பெண் நீட்டிய கடிதத்தை வாங்கி மேசையில் வைத்தான், பிரிக்கவில்லை. வயதைக் கேட்டு நாற்பத்தொன்பது என்று எழுதினான். ரத்த அழுத்தம் என்ற இடத்தில் பேனா தன்பாட்டுக்கு ஓடி, 118/76 என்று எழுதியது.

பெண் பதறி வாயைத் திறந்தாள். நார்மல் கையை உயர்த்தி அவளைத் தடுத்தார். முன்னால் குனிந்து அந்தச் சீட்டின்மேல் தன் உள்ளங்கையை வைத்துக்கொண்டார்.

“எழுதாதீங்க தம்பி. முதல்ல கட்டிப் பாருங்க.”

“உங்களுக்கா?” அவன் சிரித்தான். ஆனாலும் பட்டையை எடுத்துச் சுற்றினான். நூற்று நாற்பது வரைக்கும் ஏற்றி நிறுத்தினான்.

“இன்னும் ஏத்துங்க சார்” என்றாள் பெண்.

ஏற்றினான். இறக்கினான். இறக்க இறக்க அவன் சிரிப்பு குறைந்துகொண்டே வந்து, கடைசியில் காணாமல் போனது. காதிலிருந்து ஸ்டெதஸ்கோப்பை எடுக்காமலே எழுதியிருந்த எண்ணை அடித்துவிட்டுப் பக்கத்தில் புதிதாக எழுதினான். பிறகுதான் மேடத்தின் கடிதத்தைப் பிரித்துப் படித்தான். நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டு, நார்மலின் முகத்துக்கு நேராக உட்கார்ந்தான்.

“அண்ணே, தலைவலி இருக்கா?”

நார்மல் ஒருமுறை அந்தப் பெண்ணைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

“இருக்கு தம்பி” என்றார். “நாலு மாசமா இருக்கு.”